டெடாக் கொடுத்து வாங்கிய மகனுக்கு

மகனே,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனமில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். ஊரைக் கூட்டி வைத்துப் பெற்றவளை மன்னித்துவிட்டுப் போனவனுக்குத் தூக்கம் நன்றாகவே வரும். எனக்குத்தான் அந்தச் சனிக்கிழமையிலிருந்து சோறு இறங்கவில்லை. இதை உன் வாட்ஸ்அப்புக்கே அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் என்ன நடக்கும் என்று தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, "உங்கள் உணர்வை மதிக்கிறேன் அம்மா" என்று ஒரு வரி வரும். அந்த வரியைப் பார்த்தால் போனைத் தூக்கிச் சாக்கடையில் போட்டுவிடுவேன். நீ சபையில் பேசினாய், நானும் சபையில்தான் பேசுவேன். உனக்கு மைக் கிடைத்தது. எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் மகளிர் பகுதி இருக்கிறது. இத்தனை வருஷமாக அதற்குச் சமையல் குறிப்பும் வாசகர் கடிதமும் எழுதியவள், இந்த வாரம் மகனுக்கு எழுதுகிறேன். உன் அப்பா படித்துப் பார்த்துவிட்டு, "போடாத லா, பையன் மூஞ்சி செத்துப்போயிரும்" என்றார். என் மூஞ்சி செத்த அன்றைக்கு அவர் வீட்டில் பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் உன் நல்ல பெயரை இதில் எங்கேயும் எழுத மாட்டேன். உன் பயிற்சி இன்னும் முடியவில்லை. உன்னை நம்பிப் பிள்ளைகள் வருகிறார்கள். அந்த அளவுக்கு எனக்குப் புத்தி இருக்கிறது. அன்றைக்கு உனக்கு இல்லாமல் போனது அதுதான்.

தொழிற்சாலையில் நல்ல சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டு, பிள்ளைகளின் மனநலத்துக்கு ஆலோசனை சொல்கிற படிப்புக்குப் போகிறேன் என்று நீ வந்து நின்றபோது, உன் பக்கம் நின்றது யார்? உன் சித்தப்பா தாப்பாவிலிருந்து போன் பண்ணி, "என்னா அண்ணி, பையன் பைத்தியக்கார டாக்டராவப் போறானாமே?" என்று சிரித்தார். "உங்க பையனைத்தான் மொதல்ல கூட்டியாறச் சொல்லியிருக்கேன்" என்று சொல்லி வைத்தேன். அதோடு அவர் வாய் அடைத்தது. ஒரு பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருந்தால் பிரம்பை எடுப்பார்கள், இல்லாவிட்டால் கோயிலுக்குக் கூட்டிப்போய் விபூதி அடிப்பார்கள். இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது என்று நீ சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போதும் அந்தப் பெருமை இருக்கிறது, அதனால்தான் கோபமும் இவ்வளவு இருக்கிறது.

நீ பயிற்சி எடுத்ததும் என் மேல்தானே? கூடத்தில் பாய் விரித்து, பிள்ளையின் உயரத்துக்குக் கீழே உட்கார்வது எப்படி என்று பழகினாய். கேக் தட்டில் மணல் பரப்பி, பொம்மைகளை நட்டு வைத்து, என்னைப் பிள்ளையாக நடிக்கச் சொன்னாய். நான் பொம்மை மாட்டை எடுத்து மணலில் புதைத்தேன். நீ தலையை ஒரு பக்கம் சாய்த்து, "மாட்டைப் புதைச்சப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்றாய். பசி எடுத்தது என்று சொன்னேன். உனக்குச் சிரிப்பு வந்தும் சிரிக்கவில்லை, பயிற்சியில் சிரிக்கக் கூடாதாம். அன்றைக்குத்தான் உங்கள் தொழிலின் முதல் விதியை எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். ஆபத்து என்று வந்தால் தவிர, பிள்ளை சொன்னதை அந்தப் பிள்ளையைக் கேட்காமல் வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது, தாய் தகப்பனிடம்கூட முதலில் பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். நல்ல விதி. கேட்டதும் எனக்குப் பிடித்துப்போனது. அந்த விதி ஆறு வயதுப் பிள்ளைக்கு மட்டும்தானா? அறுபதைத் தொடுகிற பொம்பளைக்குக் கிடையாதா?

பள்ளி மண்டபத்தில் பெற்றோருக்கு நீ பேசப் போகிறாய் என்று சொன்னதும் நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தேன். உனக்கும் உன் கூடப் படிக்கிறவர்களுக்கும் உளுந்து வடை சுட்டு எடுத்து வந்தேன். உனக்குத் தொண்டை கட்டும் என்று பிளாஸ்கில் சுக்குத் தண்ணீர் வேறு. எஸ்டேட் லயத்து வரிசையில் நமக்குப் பக்கத்துக் காம்ரா வீட்டில் இருந்த அஞ்சலை அக்காவும் வந்திருந்தது, அதன் பேரன் அங்கேதானே படிக்கிறான். இரண்டு பேரும் முதல் வரிசையில் உட்கார்ந்தோம். நீ மேடையேறினாய். 'பிள்ளைகளை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம்?' என்று திரையில் எழுத்து வந்தது. கழுதை, எருமை, மண்டு, சனியன் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாய். அவரவர் வீட்டு வார்த்தை வரும்போது அவரவர் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். பிறகு ஒரு பையனின் படம் வந்தது. நீலக் காற்சட்டை, எண்ணெய் வழிகிற தலை, முன்பல் இல்லை. அந்தத் தலைக்கு எண்ணெய் வைத்தவள் நான்.

"இந்தப் பையனை இவங்க அம்மா என்னான்னு கூப்பிட்டாங்க தெரியுமா? குப்பை" என்றாய். "வீட்டுக்குள்ள மட்டும் இல்ல, ஸ்கூல் கேட்டுல, எல்லார் முன்னுக்கும். மூணாம் ஆண்டுல பசங்க குப்பைத் தொட்டியைத் தூக்கி இவன் பேக்குல கொட்டுனாங்க. டெங்கி வந்து ஆஸ்பத்திரியில கெடந்தான். அப்பகூட இவங்க அம்மா கட்டில் பக்கத்துல நின்னு கூப்பிட்டது குப்பை, குப்பைன்னுதான். நர்ஸ் மிஸ்ஸிங்களே திரும்பிப் பாத்தாங்க. அந்தப் பையன் வேற யாரும் இல்ல, நான்தான்." மண்டபம் முழுக்க ஐயோ என்றது. நம்மைத் தெரிந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களைப் பார்த்துத் தெரியாதவர்களும் பார்த்தார்கள். அஞ்சலை அக்கா என் தொடையைக் கிள்ளி, "என்னாடி, ஒம்மவன் டெடாக்குக் கதைய சொல்லவே இல்ல?" என்று கேட்டது. இனிமேல் சொல்வான், பொறு என்றேன். கடைசிவரை உனக்காகப் பரிந்து பேசியிருக்கிறேன் பார்.

நீ சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, எல்லாரையும் பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "தங்கம்" என்று கூப்பிடச் சொன்னாய். கூச்சத்தோடு ஒருவர், சிரித்துக்கொண்டே ஒருவர் என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். பிள்ளைகளின் முகமெல்லாம் மலர்ந்தது, அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. உடனே நீ மேடையை விட்டு இறங்கி வந்து என் வாய்க்கு நேரே மைக்கை நீட்டினாய். "அம்மா, நீங்களும் ஒரு தடவை சொல்லுங்க." வீட்டில் என்னை நீ என்றுதான் பேசுவாய். மைக்கைப் பிடித்ததும் நீங்க வந்துவிட்டது. நான் வாயை இறுக்க மூடிக்கொண்டேன். அப்புறம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "பரவால்ல, சில பேருக்கு அந்த வார்த்தை வராது. நான் எங்கம்மாவை மன்னிச்சிட்டேன்" என்றாய். கை தட்டினார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் வடைச் சட்டியை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்து, கிராப் கார் பிடித்து லகாட்டில் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். சட்டியை அஞ்சலை அக்காதான் கொண்டுவந்து கொடுத்தது.

என்னை மன்னிக்கச் சொல்லி உன்னிடம் எப்போது வந்து நின்றேன்? கேட்காத மன்னிப்பைக் கொண்டுவந்து தலையில் கட்டுவதற்கு உன் படிப்பில் என்ன பெயர்?

டெடாக்குக் கதை உனக்குத் தெரியாது என்றால் நான் இவ்வளவு பேச மாட்டேன். உனக்குத் தெரியும். ஐந்து வயதில் நீயே ஊரெல்லாம் பெருமையடித்தாய், "என்னைய கோழித்தீனி குடுத்து வாங்குனாங்க" என்று. தெரிந்தும் அன்றைக்கு நீ மறைத்ததை, இதைப் படிக்கிறவர்களுக்காக நான் சொல்கிறேன். உனக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் எனக்குத் தங்கவில்லை. மூத்தவள் குழந்தையாகவே காய்ச்சலில் போனாள். அடுத்தவன் பல் முளைத்து, சுவரைப் பிடித்து நிற்கிற நேரத்தில் போனான். நீ பிறந்ததும் லயத்துப் பொம்பளைகள் எல்லாரும் ஒரே பேச்சாகச் சொன்னார்கள், இந்தப் பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுத்து, தவிட்டுக்கு வாங்கு, குப்பை என்றே பேர் சொல்லிக் கூப்பிடு, எடுத்துப் போக வருகிறது எதுவாக இருந்தாலும், வேண்டாத பொருள் என்று விட்டுவிட்டுப் போய்விடும் என்று. அப்படியே செய்தோம். லயத்துக்குப் பின்னால் குப்பை கொட்டுகிற இடத்தில் உன்னை ஒரு சாக்கில் கிடத்திவிட்டு நான் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். அஞ்சலை அக்கா போய் உன்னைத் தூக்கி வந்து, "இந்தா, குப்பையில ஒரு புள்ள கெடந்துச்சு, வாங்கிக்கிறியா?" என்று கேட்டது. நான் தவிட்டைக் கொடுத்து உன்னை வாங்கினேன்.

தவிடு என்று சொல்கிறேன், ஆனால் அன்றைக்குத் தவிட்டுக்கு எங்கே போவது? ரப்பர் எஸ்டேட்டில் நெல்லா விளைகிறது? பாரிட் புந்தார் பக்கம் மில்லில் கிடைக்கும் என்றார்கள், உன் அப்பா லோரியில் வேறு பக்கம் போயிருந்தார். காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. கடைசியில் அஞ்சலை அக்காதான், "கோழிக்குப் போடுற டெடாக்கு மட்டும் என்னாவாம்? மலாய்க்காரவங்க தவிட்டத்தான் டெடாக்குங்கிறாங்க. தவிடுதான் லா" என்று தீர்ப்புச் சொன்னது. கடைக்காரப் பாயிடம் ஒரு டின் டெடாக் வாங்கி வந்து உன்னை வாங்கினோம். இதுதான் நீ திரையில் காட்டாமல் விட்ட பாதி. அதைச் சொல்லியிருந்தால் கூட்டத்தில் பாதிப் பேர் தங்கள் வீட்டுப் பிச்சையையும் குப்பம்மாவையும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். உன் பாடத்துக்கு ஒரு கெட்ட அம்மா தேவைப்பட்டாள், பக்கத்திலேயே ஒருத்தி இருந்தாள், எடுத்துக்கொண்டாய்.

மறுநாள் வீட்டுக்கு வந்தாய். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்க்கவில்லை. டெடாக்குக் கதையை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன், நான் உன்னைப் போலப் பாதியை மறைக்கிறவள் இல்லை. "அம்மா, அந்தக் கதை எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். என் பேக்குல குப்பையைக் கொட்டுன பசங்களுக்குத் தெரியுமா? ஒவ்வொருத்தன்கிட்டயும் நின்னு, எங்க வீட்டுல ரெண்டு புள்ள செத்துப்போச்சு, அதனாலதான் இந்தப் பேருன்னு நான் சொல்லணுமா? கதை தெரிஞ்சா வலிக்காதுன்னு நெனைக்கிறியா? அப்ப எனக்கு ஒம்போது வயசும்மா." நீ கேட்டது நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தை என் அடுப்படியில் வந்து கேட்டிருக்க வேண்டும். முதல் நாளே வந்து கேட்டிருந்தால் நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டேன்.

அதோடு விட்டாயா? வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வரப்போற புள்ளைய நீ அந்தப் பேரு சொல்லிக் கூப்பிட்டா, இந்த வீட்டுக்குக் கொண்டாற மாட்டேன். நெசமாத்தான் சொல்றேன்" என்றாய். மருமகளுக்கு ஏழு மாதம். போன முறை தங்காமல் போய், அந்தப் பெண் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்துக்கிடந்ததை நானும்தான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவளுக்குத் தலை வாரிவிட்டதும் நான்தான். இந்தப் பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு வழி தெரியும், ஒரே ஒரு வழிதான் தெரியும், அதைச் செய்தால் பிள்ளையைக் காட்ட மாட்டேன் என்கிறாய். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பயம் போக்குகிற படிப்புப் படிக்கிறவன், பெற்றவளைப் பயத்தில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

இப்போது உனக்குத் தெரியாததற்கு வருகிறேன். நீ ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லி மண்டபத்தை அழவைத்தாயே, அதற்குத்தான். பையில் குப்பையைக் கொட்டிய அன்றைக்கு நீ வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையைக் கழுவுகிறபோது ஊசிப்போன சோயாப்பால் வாடை வந்தது, எனக்குப் புரிந்துவிட்டது. நீ தூணைக் கட்டிக்கொண்டு, "ஸ்கூல் கேட்டுல மட்டும் அப்படிக் கூப்பிடாதம்மா" என்றாய். அதட்டி விரட்டினேன் என்றுதான் உனக்கு ஞாபகம் இருக்கிறது. அதட்டியது உண்மை. ஆனால் மறுநாளிலிருந்து நான் நிறுத்தினேன். நீ கவனித்தாயோ என்னவோ. கேட்டில் மட்டும் இல்லை, வீட்டிலும் உன்னை நல்ல பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். என் வாய்க்கு அது புதுச் செருப்பு மாதிரி கடித்தது. அந்த வாரம்கூட முடியவில்லை, உனக்குக் காய்ச்சல் வந்தது. ஈப்போ ஆஸ்பத்திரியில் டெங்கி என்றார்கள். ரத்தத்தில் ஏதோ இறங்கிக்கொண்டே போகிறது என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். நீ கண்ணைத் திறக்கவில்லை.

கொசு என்று சொல்வாய். கொசுதான், எனக்கும் தெரியும். வீட்டுக்குப் பின்னால் டயர் கிடந்தது, சுகாதார இலாகாவிலிருந்து வந்து புகை அடித்தார்கள், எல்லாம் தெரியும். ஆனால் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு, மூன்றாவது பிள்ளையின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளிடம் போய்க் கொசு என்று சொல்லிப் பார். நான் அன்றைக்கு வார்டு அதிரக் கத்தினேன், "குப்பை, டேய் குப்பை, நீ குப்பைடா" என்று. உன் காதுக்காகக் கத்தவில்லை. உன்னைத் தூக்கிப் போக அங்கே வந்து நின்றதே ஒன்று, அதன் காதில் விழட்டும் என்றுதான் கத்தினேன். தாதிகள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். பக்கத்துக் கட்டில் சீன அம்மா பயந்துபோய்த் தன் பையனின் காதை மூடினாள். நீ இரண்டாம் நாள் கண்ணைத் திறந்து மைலோ கேட்டாய். அதற்கப்புறம் அந்தப் பெயரை நான் எப்படி விடுவேன்? நீயே சொல்.

வேறு வீடுகளில் மொட்டை அடித்ததும் நல்ல பெயருக்கு மாறிவிடுவார்கள், நான் ஏன் மாறவில்லை என்றும் நீ ஒருமுறை கேட்டாய். சும்மா போ என்றேன். காரணத்தை இப்போது சொல்கிறேன், சிரித்தால் சிரித்துக்கொள். உனக்கு மொட்டை போட்டுவிட்டு வந்த கொஞ்ச நாளில் கோழிக்கு டெடாக் வாங்கப் போனேன். கடைக்காரப் பாய் அளந்து போட்டுக்கொண்டே, "இதுல தவிடு கொஞ்சந்தாங்க்கா, சோளம், கருவாட்டுத் தூளு எல்லாம் கலந்துதான் எப்பவும் வருது" என்றார். உன்னை வாங்கிய டெடாக்கும் அந்தக் கடையில் வாங்கியதுதான். சோளத்துக்கும் கருவாட்டுக்கும் பிள்ளையை வாங்கினேன் என்றால் அது செல்லுமா, செல்லாதா? யாரைக் கேட்பது? அஞ்சலை அக்காவிடம் கேட்டால் சிரிக்கும். கோயில் பூசாரியிடம் கேட்கக் கூச்சம். வியாபாரத்தில் குறை இருக்கிறதோ என்று பயந்து, பெயரையாவது கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நீ வளர்ந்தாய், மீசை முளைத்தது, கல்யாணம் ஆனது. அன்றைக்கு மணவறையில்கூட உன் காதருகே குனிந்து ஒருமுறை சொன்னேன். நீ முகத்தைச் சுளித்தாய். உன் பெண்டாட்டி சிரித்தாள், அவள் நல்லவள்.

ஒன்று மிச்சமிருக்கிறது. இது உன் அப்பாவைத் தவிர யாருக்கும் தெரியாது, அஞ்சலை அக்காவுக்குக்கூட மறந்திருக்கும். மூத்தவள் பிறந்தபோது நல்ல பெயர் வைத்தோம், பிறப்புச் சூராவிலும் பதிந்தோம், ஆனால் நான் கூப்பிட்டது தங்கம் என்றுதான். பால் கொடுக்கும்போது தங்கம், குளிப்பாட்டும்போது தங்கம். எஸ்டேட் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ரப்பர் பால் வெட்டப் போகும்போது, திரும்பித் திரும்பிப் பார்த்து, தங்கம் வந்துர்றேன் என்று சொல்லிவிட்டுப் போவேன். அவள் போய்விட்டாள். அடுத்தவன் பிறந்தபோது அவளே வந்துவிட்டாள் என்று நினைத்து அவனையும் தங்கம் என்றே கூப்பிட்டேன். என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பான், தங்கம் என்றால் இரண்டு பல்லைக் காட்டிச் சிரிப்பான். அவனும் போய்விட்டான். அந்த வார்த்தையால் நான் கூப்பிட்ட இரண்டு பேரும் எஸ்டேட் இடுகாட்டில் இருக்கிறார்கள். இப்போது அங்கே செம்பனை நட்டுவிட்டார்கள், எந்த இடம் என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த வார்த்தையைத்தான், உயிரோடு எனக்கு மிஞ்சிய ஒரே பிள்ளையைப் பார்த்துச் சொல்லச் சொல்லி, என் வாய்க்கு நேரே மைக்கை நீட்டினாய். சில பேருக்கு அந்த வார்த்தை வராது என்று ஊருக்குச் சொன்னாய்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இப்போது பிடிக்கவில்லை, ஆனாலும் பெற்றுத் தொலைத்துவிட்டேன், சொல்கிறேன். ஒரு பிள்ளை உன் முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால், வார்த்தை வராது என்று முடிவு கட்டாதே. பள்ளிக்கூடத்தில் எந்த அம்மாவையாவது, பிள்ளையை இப்படியா கூப்பிடுவாய் என்று அதட்டுவதற்கு முன்னால், எப்போதிலிருந்து கூப்பிடுகிறாய் என்று கேள். அந்தப் பெயரை அவள் விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் சொல், அதுதான் உன் வேலை. கதவைச் சாத்திவிட்டு, தனியாக, அவள் உயரத்துக்குக் கீழே உட்கார்ந்து சொல். எனக்குப் பாயெல்லாம் விரித்துப் பழகிக் காட்டினாயே, அது பிள்ளைகளுக்கு மட்டும் என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது?

உன் மிரட்டலுக்கு வருகிறேன். உன் அப்பாவை பாரிட் புந்தாருக்கு அனுப்பினேன். கூட லோரி ஓட்டிய பழைய சேக்காளியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய், மில்லில் நின்று, நெல்லிலிருந்து விழுவதைக் கண்ணால் பார்த்து வாங்கி வந்திருக்கிறார். சோளம் கிடையாது, கருவாடு கிடையாது, சுத்தமான தவிடு. மைலோ டின்னில் போட்டு இறுக மூடி, சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். பிள்ளை பிறந்து வந்ததும் குப்பைமேட்டில் போட வேண்டாம், இந்தக் காலத்தில் அது முடியாது என்று எனக்கும் தெரியும். வாசலில் ஒரு சுத்தமான முறத்தில் ஒரு நிமிஷம் கிடத்தினால் போதும், அஞ்சலை அக்கா எடுத்துக் கொடுக்கும், நான் தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்வேன். இந்த முறை வியாபாரத்தில் குறை இருக்காது, அதனால் பெயர் தேவைப்படாது. அதற்கப்புறம் குப்பை என்ற வார்த்தை என் வாயில் வராது. உனக்கும் இனிமேல் அந்தப் பெயரில்லை, ஒன்பது வயதில் நீ கேட்டதை இப்போது தருகிறேன்.

இதற்கு நீ சம்மதிக்க வேண்டும். மூடநம்பிக்கை, அது இது என்று உன் புத்தகத்திலிருந்து எதையாவது எடுத்துப் பேசிச் சம்மதிக்காமல் போனால், பிள்ளையை இந்த வீட்டுக்குக் கொண்டுவராதே. நீ கொண்டுவர மாட்டேன் என்றாய், நான் கொண்டுவராதே என்கிறேன். பிடிவாதத்துக்குச் சொல்லவில்லை. உன்னைப் பெற்றதும் நான் வாயை இறுக்க மூடிக்கொண்டேன், அப்போது எனக்கு வயது இருந்தது, உடம்பில் தெம்பு இருந்தது. இப்போது அது இல்லை. அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டால், அது கண்ணைத் திறந்து என்னை ஒருமுறை பார்த்தால், என் வாய் என் பேச்சைக் கேட்காது. தங்கம் என்று கூப்பிட்டுவிடுவேன்.

உன்னை இன்னும் மன்னிக்காத
அம்மா